சிறிய நாய்க்குத் தடுப்பூசி: எதை, எப்போது, ஒரே நாளில் எத்தனை?

எங்கள் டாஷண்ட் பெண் நாய் மிளகின் எடை ஐந்து கிலோவைத் தொட்டதில்லை. அதற்கு ஒரு வயது நிறைந்த வாரத்தில், ஒரு சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு, பல நோய்களுக்கு ஒரே ஊசியாக வரும் கூட்டுத் தடுப்பூசியையும் வெறிநோய்த் (ரேபிஸ்) தடுப்பூசியையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். ஒன்பது மணிக்குள் கண்ணிமைகள் வீங்கி மூடிக்கொண்டன. மூக்கும் உதடும் தடித்தன. உடம்பெங்கும் தடிப்புகள் எழும்பின. ஊசி போட்ட மருத்துவமனை பூட்டியிருந்தது. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. விடிவதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது என்றாலும், அடுத்த ஆண்டு தடுப்பூசி நாள் நெருங்கியபோது உறவினர்களில் பாதிப் பேர் இனி ஊசியே வேண்டாம் என்றார்கள். நாங்கள் முதலில் அணுகிய மருத்துவரோ, சென்ற ஆண்டு போட்டபடியே இந்த ஆண்டும் போட்டுக்கொள்ளலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். இரண்டு யோசனைகளுமே எனக்குச் சரியாகப் படவில்லை. மேலும் இரண்டு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நான் வகுத்துக்கொண்ட முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்லன். இதை எடுத்துக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடம் கேள்வி கேட்பதற்கே இது பயன்படும். உரிமம் பற்றிய பகுதி சென்னைக்கு உரியது. மற்றவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

1. முதலில் எடையையும் முன்கதையையும் எழுதிக்கொள்ளுங்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன் நாயின் எடை, வயது, இனம், இதுவரை போட்ட ஊசிகளின் பெயரும் தேதியும், அவற்றுக்குப் பின் ஏதேனும் வீக்கம், வாந்தி, சோர்வு இருந்ததா என்பது, தற்போது உட்கொள்ளும் மருந்துகள், கடைசியாகக் குடற்புழு நீக்கம் செய்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கூட்டம் நெருக்கும் மாலை வேளையில் எந்த மருத்துவரும் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். நமக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

எடையை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரே குழுமத்தைச் சேர்ந்த 360 மருத்துவமனைகளில் ஊசி போட்டுக்கொண்ட பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்து 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஊசிக்குப் பிந்தைய மூன்று நாட்களில் பக்கவிளைவு கண்டவை 10,000 நாய்களுக்கு ஏறத்தாழ 38. உடல் எடை குறையக் குறைய இந்த விகிதம் ஏறியது. டாஷண்ட் இனத்தில் அது 10,000-க்கு 120-ஐத் தாண்டியது. பக், பாஸ்டன் டெரியர், மினியேச்சர் பின்ஷர், சிவாவா ஆகியவையும் பட்டியலின் மேல் வரிசையில் இருந்தன. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் சிறிய நாய்களே அதிகம் பாதிக்கப்பட்டன. மிளகு எல்லா வகையிலும் அந்தக் கூட்டத்தில் பொருந்தியிருந்தது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அதே எண்களைத் திருப்பிப் படித்தால், அதிக ஆபத்துள்ள அந்த இனத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்ட நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் தெரியும். இரண்டு வாசிப்புகளும் உங்களுக்குத் தேவை.

2. எந்த ஊசியைத் தள்ளக்கூடாது, எதைப் பற்றிப் பேசலாம் என்று பிரியுங்கள்

"தடுப்பூசி போடலாமா வேண்டாமா" என்று மொத்தமாகக் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. ஒவ்வோர் ஊசியையும் தனியாக எடுத்துக்கொண்டால் பதில் வேறு வேறாக இருக்கும்.

வெறிநோய்த் தடுப்பூசியில் பேரம் இல்லை. அறிகுறி தோன்றிவிட்டால் நாய்க்கும் மனிதருக்கும் பிழைக்க ஏறக்குறைய வழியே இல்லாத நோய் அது. தெருவில் அந்த நோய் உலவும் நாட்டில் நாம் வாழ்கிறோம். எடுத்துக் கொஞ்சத் தோதான சிறிய நாய் குழந்தைகளின் முகத்துக்கு மிக அருகில் இருக்கும் நாய் என்பதையும் மறக்க வேண்டாம்.

டிஸ்டெம்பர், பார்வோ, தொற்றுக் கல்லீரல் அழற்சி ஆகிய மூன்று வைரஸ் நோய்களுக்குமான ஊசி எல்லா நாய்களுக்கும் அடிப்படையானது. வீட்டைவிட்டே இறங்காத நாய்க்கு எதற்கு என்று கேட்பவர்கள், பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் கிடக்கும் என்பதையும், நம் செருப்பிலேயே அது வீட்டுக்குள் வந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் இரண்டாம் தளத்து ஷிட்சு குட்டி தரையில் கால் வைக்காமலே பார்வோ வந்து, ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றிய பிறகே பிழைத்தது. ஆனால் இந்த மூன்றுக்கும் ஆண்டுதோறும் ஊசி தேவையில்லை. உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், குட்டிப் பருவத்து ஊசிகளும் அதை அடுத்த பூஸ்டரும் ஒழுங்காக முடிந்த நாய்க்கு இவற்றை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்கிறது. சிறிய நாய் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் முதலில் எடுத்துப் பேச வேண்டியது இதைத்தான்.

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோ ஊசியில்தான் உண்மையான எடைபோடல் இருக்கிறது. ஊசிக்குப் பிந்தைய ஒவ்வாமைக்கு வெகுகாலமாக இந்த ஊசியின் மீதே அதிகப் பழி சுமத்தப்பட்டு வருகிறது. இப்போதைய தயாரிப்புகள் பழையவற்றைவிடச் சுத்திகரிக்கப்பட்டவை. அதன் பாதுகாப்பு ஓராண்டுதான் என்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். மறுபுறம், எலியின் சிறுநீர் கலந்த மழைநீர் தேங்கும் ஊரில் இந்த நோய் நாய்க்கு வந்து, நாயிடமிருந்து வீட்டாருக்கும் தொற்றலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளம் எங்கள் தெருவில் மூன்று நாட்கள் நின்றது. அதைக் கண்ட பிறகு லெப்டோவை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உயரமான தளத்தில், எலி நடமாட்டமே இல்லாத வீட்டில், முன்பு ஒவ்வாமை கண்ட மூன்று கிலோ நாயை வைத்திருப்பவரின் முடிவு வேறாக இருக்கலாம். அதையும் தவறென்று சொல்ல மாட்டேன்.

நாய்களை விடுதியில் விட்டுச் செல்வோர் கென்னல் இருமல் ஊசியைப் பற்றிக் கேட்கலாம். கொரோனா என்ற பெயரில் (மனிதருக்கு வரும் கோவிட் அல்ல) நாய்களுக்குச் சேர்த்துப் போடப்படும் ஊசியை மேற்சொன்ன சங்கம் பரிந்துரைப்பதில்லை. "9 இன் 1" என்று பெருமையாகச் சொல்லப்படும் ஊசியில் எந்த ஒன்பது இருக்கிறது என்பதைப் புட்டியின் மேல் படித்துப் பாருங்கள். எண்ணிக்கை கூடுவதால் பாதுகாப்பும் அதே அளவில் கூடிவிடுவதில்லை.

3. குட்டியானால் 16 வாரம் வரை பொறுமையாக முடியுங்கள்

முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கும். பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் போட்டு, கடைசி ஊசி 16 வாரம் நிறைந்தோ அதற்குப் பிறகோ அமைய வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசியின் வேலையை அதுவே முறியடித்துவிடும் என்பதும், அது எப்போது வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதும்தான் இத்தனை முறை போடுவதற்குக் காரணம். பன்னிரண்டாம் வாரத்திலேயே "கோர்ஸ் முடிந்தது" என்று அட்டையில் எழுதிக் கொடுப்பது பலரும் விழும் பள்ளம். ஆறு மாதத்திலோ ஒரு வயதிலோ ஒரு பூஸ்டர் உண்டு.

வெறிநோய்க்கான முதல் ஊசி பெரும்பாலும் 12 வாரத்தில். நம் நாட்டைப் போன்ற இடங்களில் இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஒன்றும் போடுவது நல்லது. அதன் பின் ஓராண்டில் பூஸ்டர். சில தயாரிப்புகள் மூன்று ஆண்டுப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்றவை என்றாலும், இங்கே ஆண்டுதோறும் போடுவதே வழக்கம்.

குட்டியை விற்பவர் "இரண்டு ஊசி போட்டாயிற்று" என்று சொன்னால், மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய சிட்டையும், தொகுதி எண்ணும், மருத்துவரின் கையெழுத்தும் பதிவெண்ணும் அட்டையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் பேனாவில் தேதி மட்டும் எழுதிய அட்டை என்றால், ஊசியே போடப்படவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குவதே பாதுகாப்பு. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்பது விதிப்படி தவறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

4. ஒரே நாளில் எத்தனை என்பதை நீங்களே கேட்டு முடிவு செய்யுங்கள்

எனக்குத் தெரியாமல் போனதும், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் இதுதான். முன்பு சொன்ன ஆய்வில், பத்து கிலோவும் அதற்குக் குறைவுமான நாய்களுக்கு ஒரே வருகையில் போடப்படும் ஒவ்வொரு கூடுதல் ஊசியும் பக்கவிளைவின் வாய்ப்பை 27 விழுக்காடு உயர்த்தியது. 12 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களில் அந்த உயர்வு 12 விழுக்காடு மட்டுமே. லாப்ரடாருக்குப் பிரச்சினை இல்லாமல் நடப்பது டாஷண்டுக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே வெறிநோய் ஊசியைத் தனியாகவும், கூட்டு ஊசியை இரண்டு மூன்று வாரம் கழித்தும் போடும்படி கேளுங்கள். இரண்டு வெவ்வேறு ஊசிகளுக்கு இடையில் இரண்டு வாரத்துக்குக் குறைவாக இடைவெளி விடுவது நல்லதல்ல. முடிந்தால் லெப்டோவைத் தனிப் புட்டியாகப் பெற்று இன்னொரு நாளுக்கு ஒதுக்குங்கள். எல்லா மருத்துவமனைகளிலும் அது தனியாகக் கிடைப்பதில்லை என்பதால் ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. பிரித்துப் போடுவதால் வேறொரு நன்மையும் உண்டு: ஒவ்வாமை வந்தால் எந்த ஊசியால் வந்தது என்று தெரியும். மிளகின் முகம் வீங்கியது எந்த ஊசியால் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

பிரித்துப் போடுவதன் விலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று முறை அலைச்சல், மூன்று முறை ஆலோசனைக் கட்டணம், இடையில் மறந்துவிடும் ஆபத்து. மறந்துவிடுவீர்கள் என்று தோன்றினால், வெறிநோய் ஊசியை முதலில் போட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு கண்ணி. நாய் சிறியது, ஆகவே பாதி மருந்து போதும் என்று சிலர் கேட்கிறார்கள்; சில இடங்களில் போட்டும் விடுகிறார்கள். தடுப்பூசியின் அளவு காய்ச்சல் மருந்தைப் போலக் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதில்லை. நோய் எதிர்ப்பைத் தூண்டத் தேவையான அளவே அந்தப் புட்டி. அதைப் பாதியாக்கினால் ஆபத்து மிச்சமிருக்க, பாதுகாப்பு மட்டும் கைவிட்டுப் போகலாம். பாதி போட்ட வெறிநோய் ஊசிக்கு முறையான சான்றும் எழுத முடியாது.

5. நாளையும் இடத்தையும் தேர்ந்தெடுங்கள்

வார நாளின் காலை நேரமே சிறந்தது. மருத்துவமனை அன்று முழுவதும் திறந்திருக்க வேண்டும், நீங்களும் வீட்டில் இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவையும் பண்டிகைக்கு முந்தின நாளையும் தவிர்த்துவிடுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் வெடிச் சத்தத்தில் ஒடுங்கிக் கிடக்கும் நாயின் சோர்வு ஊசியால் வந்ததா அச்சத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை ஒன்றின் எண்ணை முன்கூட்டியே கைபேசியில் சேமித்து, உண்மையிலேயே எடுக்கிறார்களா என்று ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டியது. குளிர்பெட்டியிலிருந்து உங்கள் கண் முன் எடுக்கப்படுகிறதா, காலாவதித் தேதி என்ன, உலர்தூளைத் திரவத்தில் கலந்த உடனே போடுகிறார்களா என்று பாருங்கள். இவற்றைக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். நான் பார்த்த நல்ல மருத்துவர்கள் கேட்காமலே புட்டியைக் காட்டினார்கள். ஐஸ் டப்பாவில் எடுத்துவந்து வீட்டிலேயே போட்டுவிடும் ஆட்களிடமும், மருந்துக் கடையில் வாங்கித் தானே குத்திவிடும் பழக்கத்திலும் இறங்க வேண்டாம். கடும் ஒவ்வாமை வந்தால் உயிர் காக்கும் அட்ரினலின் மருந்து அவர்கள் கையில் இருக்காது.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள நாளிலும், ஸ்டீராய்டு சிகிச்சை நடக்கும்போதும் தள்ளிப்போடுங்கள். சினையாக இருக்கும் நாய்க்கு உயிர்வைரஸ் கலந்த ஊசி ஆகாது. மிகச் சிறிய குட்டியை வெறும் வயிற்றோடு அழைத்துப் போகாதீர்கள். இரண்டு கிலோவுக்கும் குறைவான குட்டிக்குப் பசியும் பயமும் சேர்ந்தால் சர்க்கரை அளவு இறங்கித் தள்ளாடும். அது ஊசியால் வந்தது என்று நாம் தவறாக நினைப்போம்.

6. ஊசிக்குப் பிறகு எதை எப்போது பார்க்க வேண்டும்

முதல் அரை மணி நேரம் மருத்துவமனை வாசலிலேயே இருங்கள். நாய்களில் கடும் ஒவ்வாமை பல நேரம் வயிற்றில் தொடங்கும்: திடீர் வாந்தி, வயிற்றுப்போக்கு, ஈறு வெளுத்தல், நிற்க முடியாமல் சரிதல். இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிடமும் காத்திராமல் உள்ளே தூக்கிச் செல்லுங்கள். முக வீக்கமும் தடிப்பும் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் வரும். இதற்கும் அன்றே சிகிச்சை வேண்டும்.

ஒருநாள் இரண்டுநாள் மந்தம், இலேசான காய்ச்சல், ஊசி இடத்தில் வலி ஆகியவை இயல்பு. அந்த வலிக்கு நம் வீட்டுப் பாராசிட்டமாலையோ ஐபுபுரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள். சிறிய உடலுக்கு அவை நஞ்சாகிவிடலாம். ஊசி இடத்தில் கட்டி தென்பட்டால் தேதி எழுதிவையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கரையாமல் வளர்ந்தால் காட்டுங்கள். பூடில், மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற இனங்களில், வெறிநோய் ஊசி போட்ட இடத்தில் சில வாரங்களோ இரண்டு மூன்று மாதங்களோ கழித்து வட்டமாக முடி கொட்டுவதுண்டு. இவ்வளவு தள்ளி வருவதால் பலர் அதை ஊசியோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை.

7. முன்பே ஒவ்வாமை கண்ட நாயானால்

அந்த நிகழ்வைத் தடுப்பூசி அட்டையிலேயே மருத்துவரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள்; எத்தனை மணி நேரம் கழித்து என்ன வந்தது, எந்தத் தயாரிப்பு, எந்தத் தொகுதி எண் என்பது வரை. முக வீக்கத்தோடு நின்ற நாய்க்கு வேறு நிறுவனத்தின் தயாரிப்பைத் தனித்தனியாக, ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தை முன்கூட்டிக் கொடுத்து, சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்துப் போடலாம் என்பதே நாங்கள் கேட்ட இரண்டு மருத்துவர்களின் முடிவு. மிளகுக்கு அப்படித்தான் இரண்டு ஆண்டுகளாகப் போடுகிறோம், வீக்கம் திரும்பவில்லை. அந்த மருந்தை நீங்களாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மயங்கிச் சரிந்த நாயானால் பேச்சே வேறு. எதை இனி அறவே விடுவது என்பதை மருத்துவர் எழுத்தில் தர வேண்டும்.

டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி மூன்றுக்கும் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. இருந்தால் அந்த ஊசியைத் தள்ளிப்போடலாம். ஊசியைவிடப் பரிசோதனைக்கு அதிகம் செலவாகும். ஒவ்வாமை கண்ட நாய்க்கு மட்டும் அது தகும் என்பது என் கருத்து. லெப்டோவுக்கு இந்தப் பரிசோதனை பயன்படாது. வெறிநோய் ஊசிக்கு மாற்றாக உரிமத்துக்கு அதைக் காட்டவும் முடியாது.

8. செலவு

நாங்கள் கடைசியாகச் செலுத்தியது: கூட்டு ஊசிக்கு 850 ரூபாய், வெறிநோய் ஊசிக்கு 350 ரூபாய், ஒவ்வொரு வருகைக்கும் 400 ரூபாய். இரண்டு வருகைகளாகப் பிரித்துப் போட்டதால் கூடுதலாக ஆனது 400 ரூபாய். அந்தச் சனிக்கிழமை இரவுக்கு ஆனது 3,600 ரூபாய். பார்வோ வந்த ஷிட்சு குட்டிக்கு அதன் வீட்டார் செலவிட்டது இருபதாயிரத்துக்கு மேல். அரசு கால்நடை மருத்துவமனைகளில் செலவு மிகக் குறைவு. செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளை ஒட்டி இலவச முகாம்களும் நடக்கும். முகாமில் போட்டாலும் சிட்டை ஒட்டிய சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

9. ஆவணங்களும் உரிமமும்

சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். மாநகராட்சி இணையதளத்தில் உங்கள் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நாயின் படம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றை ஏற்றி 50 ரூபாய் கட்ட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2025 இறுதியிலிருந்து மைக்ரோசிப்பும் (அடையாள எண்ணோடு நாயின் தோலுக்கடியில் பொருத்தும் சிறு சில்லு) கட்டாயமாகி, உரிமம் இல்லாதோருக்கு 5,000 ரூபாய் அபராதமும் அறிவிக்கப்பட்டது. மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவ மையங்களிலேயே சிப்பும் வெறிநோய் ஊசியும் போட்டுக்கொள்ளலாம். கடைசி நாட்களில் அங்கே வரிசை தெரு வரை நீளும். சிறிய நாயைப் பெரிய நாய்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைவிட, தேதிக்கு ஒரு மாதம் முன்பே போவது மேல். ஊசிச் சான்று உரிமத்துக்கு முன்னதாகக் காலாவதியாகாதபடி இரண்டு தேதிகளையும் ஒரே மாதத்தில் அமைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால், ஊசிச் சான்றைக் காட்டி அவரைச் சும்மா இருக்கச் சொல்லாதீர்கள். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவவைத்து, மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உங்கள் நாயைத் தெருநாய் கடித்தாலும் முதல் வேலை கழுவுவதுதான். போன மாதம்தான் ஊசி போட்டோம் என்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்டி மறு ஊசி பற்றிக் கேளுங்கள்.

நாயோடு வெளிநாடு போகும் எண்ணம் துளியேனும் இருந்தால், சிப்பை முதலில் பொருத்திவிட்டு வெறிநோய் ஊசியைப் பிறகு போடுங்கள். என் தங்கை ஜெர்மனிக்குப் போனபோது அவளுடைய பொமரேனியனுக்கு வரிசை மாறிப் போயிருந்தது. சிப்புக்கு முன் போட்ட ஊசி ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில் செல்லாது என்பதால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. சிப், அதன் பின் ஊசி, முப்பது நாள் கழித்து இரத்த மாதிரி, ஒப்புதல் பெற்ற ஆய்வகத்தில் எதிர்ப்பொருள் அளவு குறைந்தது 0.5 IU/ml என்று வந்த பிறகு, மாதிரி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் இதற்கென்று குறைந்தது ஐந்து மாதங்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.